முப்பத்தோரு பேருக்குச் சுட்டது

ஜனவரி 8, திங்கள்

ஹெச்.எம். சிஸ்டர் இன்று ஒரு நோட்டைக் கையில் கொடுத்து, தினமும் என்ன வேலை பார்க்கிறேன் என்று அதில் எழுத வேண்டும், வெள்ளிக்கிழமைதோறும் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பதினாறு வருஷமாக இந்தப் பள்ளிக்கூடத்து சயின்ஸ் லேபில் குழாய் கழுவுகிறேன். இப்போதுதான் மிக்கேலம்மாள் வேலை பார்க்கிறாளா என்று சந்தேகம் வந்திருக்கிறது.

"உங்க நல்லதுக்குத்தான் மிக்கேலம்மா. உங்களை நிரந்தரம் பண்ண ஃபைல் போயிருக்கு இல்லையா. கூட வேலைக் குறிப்பும் இருந்தா நல்லது" என்றார்.

"நான் அஞ்சாப்போட நின்னவ சிஸ்டர். என் எழுத்தப் பாத்தா உங்களுக்குத் தலைவலி வரும்" என்றேன்.

"ரெண்டு வரி போதும்."

எனக்கு இரண்டு வரி போதாது. அதனால் நோட்டும் இரண்டு. சிஸ்டர் நோட்டில் இரண்டு வரி, மிச்சமெல்லாம் இதில். இது போன வருஷம் பரீட்சை முடிந்ததும் யாரோ ஒரு பிள்ளை லேபிலேயே போட்டுவிட்டுப் போன ரெக்கார்டு நோட்டு. முதல் நாலு தாளில் படம் வரைந்து மார்க்கும் வாங்கியிருக்கிறாள். மீதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

சிஸ்டர் நோட்டில் எழுதியது: சோதனைக் குழாய் 40 கழுவினேன். அலமாரி துடைத்தேன்.

எழுதாதது: அந்த அலமாரியை நான் துடைத்தது இது பதினோராவது தடவை. டிசம்பர் வெள்ளத்தில் லேபுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு சேறு அள்ளியது நானும் ஒரு வாளியும்தான். சயின்ஸ் சார் தவசிமுத்து வாசலிலேயே நின்று, பேண்டை மடித்துப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் சரியா இருக்கா மிக்கேலக்கா?" என்று கேட்டார். "மீன் ரெண்டு கெடக்கு சார், பொரிச்சுக் கொண்டாரட்டா?" என்றேன். போய்விட்டார்.

அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் லிட்மஸ், லேபில் நிறம் மாறுகிற அந்தத் தாள். சிஸ்டர் வந்தால் முகம் ஒரு நிறம், போனால் இன்னொரு நிறம்.

ஜனவரி 10, புதன்

சிஸ்டர் நோட்டு: பாட்டில்களைத் துடைத்து அடுக்கினேன்.

வெள்ளத்தில் கீழ்த்தட்டு பாட்டில்கள் பூராவும் முங்கிப்போயின. கிறிஸ்துமஸ் லீவிலேயே அவற்றை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், மூடியைத் திறந்து, வரிசையாக வெயிலில் வைத்தேன். ஊறுகாய்ப் பாட்டிலில் ஈரம் பட்டால் வேறென்ன செய்வோம். ஒருத்தர் சொல்லி நான் செய்யவில்லை. பொறுப்பு இருந்தது, செய்தேன். இரண்டு நாள் காய்ந்தது.

ஒன்றிரண்டு கெட்டுப்போனது. அதற்கு நான் என்ன செய்ய. வெள்ளத்தைக் கேட்க வேண்டும்.

ஜனவரி 12, வெள்ளி

பொங்கல் கழிந்து ஸ்டாக் பார்க்க ஆள் வருகிறார்களாம். லிட்மஸ் ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தார். "காப்பர் சல்பேட்?" இருக்கு சார். "அம்மோனியம் குளோரைடு?" இருக்கு சார். "காஸ்டிக் சோடா?"

இருக்கு சார்.

ஜனவரி 18, வியாழன்

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் சலவை சோடா ஒரு கிலோ வாங்கினேன். கட்டி கட்டியாகக் கற்கண்டு மாதிரி இருக்கிறது. வீட்டுத் துணிக்கு.

ஜனவரி 19, வெள்ளி

ஸ்டாக் பார்க்க வந்தவர் அலமாரிக் கண்ணாடிக்கு வெளியே நின்று பாட்டில்களை எண்ணினார். காஸ்டிக் சோடா முக்கால் பாட்டில் இருக்கிறது என்று டிக் அடித்தார். மூடியைத் தொடவில்லை. எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கொண்டு வந்தது. பதினாறு வருஷத்தில் இங்கே மூடி திறந்து பார்த்த ஒரு அதிகாரியை நான் கண்டதில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் சூசை கேட்டார்: "நேத்து சோடா வாங்குனேன்னு சொன்ன, துணிக்குப் பழைய பவுடரத்தான போட்டிருக்க?"

"ஒம்ம சட்டைக்கு இது போதும்" என்றேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்று எனக்கு வந்த கோபத்துக்கு மூன்று பீக்கரை உடைத்திருக்க வேண்டும். உடைத்தால் அதையும் சிஸ்டர் நோட்டில் எழுத வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

பத்தாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு வருகிறது. அதற்கு ஒத்திகை என்று முப்பத்திரண்டு பிள்ளைகளை லேபுக்குக் கூட்டி வந்தார் லிட்மஸ். மேஜையில் பீக்கர் எல்லாம் துடைத்து, தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன். அவர் ஒன்றையும் தொடவில்லை. நேரே போர்டுக்குப் போனார். "எழுதிக்கோங்க" என்று ஆரம்பித்தார்.

உப்பைத் தண்ணீரில் கரைத்தால் சில உப்புக்குச் சூடு வெளியே வரும், சில உப்பு தண்ணீரிலிருந்து சூட்டை இழுத்துக்கொண்டு குளிர்ந்துவிடும். முதலாவதற்கு வெப்ப உமிழ்வினை என்று பெயர், இரண்டாவதற்கு வெப்பக் கொள்வினை. கழுவிக் கழுவியே எனக்கு இவ்வளவு தெரியும். இந்தப் பிள்ளைகள் கரைத்துப் பார்த்து, தொட்டுப் பார்த்து, தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் சோதனை. ஆனால் போர்டில் எழுதியிருப்பது என்ன? "கலவை கொண்ட பீக்கரைத் தொட்டுப் பார்க்கும்போது சூடாக உள்ளது. எனவே இது வெப்ப உமிழ்வினை." தொடுவதற்கு முன்னாலேயே தொட்டாயிற்று.

தெர்மாமீட்டர் மூன்றில் இரண்டுக்கு உள்ளே சிவப்புக் கோடு அறுந்து கிடக்கிறது. மூன்றாவது எங்கே என்று யாருக்கும் தெரியாது.

கடைசி வரிசையில் இசக்கிதுர்கா எழுந்து நின்றாள். அவள் அம்மா சந்தனமாரி உப்பளத்தில் வேலை பார்க்கிறாள். கேள்வி கேட்பதற்கென்றே பிறந்த பிள்ளை. பீக்கர் கழுவிக்கொண்டிருக்கும் என்னிடமே, இது ஏன் நுரைக்கிறது, அது ஏன் கறுக்கிறது என்று உயிரை வாங்குவாள்.

"சார், ஒரு தடவ செஞ்சு பாத்துட்டு எழுதட்டுமா?"

"எதுக்கு?"

"எப்படிச் சுடுதுன்னு பாக்கத்தான் சார்."

"பரீட்சையில பாத்துக்கலாம். உக்காரு."

நான் ஊற்றி வைத்த தண்ணீரை எல்லாம் நானே திரும்பக் கொட்டினேன். சிஸ்டர் நோட்டு: செய்முறை ஒத்திகைக்கு உதவினேன்.

பிப்ரவரி 19, திங்கள்

தேர்வுக்கென்று வாங்கி வைத்தது: ஊதுபத்திக் குச்சி இரண்டு கட்டு, தீப்பெட்டி ஆறு. பர்னர் ஒன்றுகூட வேலை செய்யவில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

தேர்வு முடிந்தது. கால் இரண்டும் வலிக்கிறது. ஒழுங்காக எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வெளியிலிருந்து தேர்வாளராக வந்தது மங்களவதி டீச்சர். வந்ததும் ஃபேன் எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்று பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டார். சாயங்காலம் வரைக்கும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

காலை அணிக்கு வேறு சோதனை, நல்லபடியாகப் போனது. மதியம் முப்பத்திரண்டு பேர். எல்லோருக்கும் அந்த உப்புக் கரைக்கிற சோதனைதான் வந்தது. காஸ்டிக் சோடா என்று சீட்டு ஒட்டிய பாட்டிலிலிருந்து ஆளுக்கு இரண்டு கரண்டி நான்தான் போட்டேன். பிள்ளைகள் கலக்கினார்கள். கலக்கிக்கொண்டே எழுதினார்கள். பாதிப் பேர் எழுதி முடித்துவிட்டுக் கலக்கினார்கள். "சூடாக உள்ளது, சூடாக உள்ளது" என்று பேனா ஓடுகிறது. நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன், ஒரு கைகூட பீக்கர் பக்கம் போகவில்லை.

துர்கா மட்டும் தொட்டாள். உள்ளங்கையை முழுசாக வைத்துத் தொட்டாள். அடுத்த கையையும் வைத்தாள். பிறகு எழுந்தாள்.

"மிஸ், இது சுடல மிஸ்."

மங்களவதி டீச்சர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "நல்லாக் கலக்கு" என்றார்.

"கலக்கிட்டேன் மிஸ். ஜில்லுன்னு இருக்கு."

அந்த டீச்சர் லிட்மஸைப் பார்த்தார். லிட்மஸ் வேகமாக வந்து, சிவப்புத் தாளைக் கரைசலில் நனைத்தார். தாள் நீலமாக மாறியது. அதை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இது என்ன?"

"காரம் சார்."

"பாட்டில்ல என்ன எழுதியிருக்கு?"

"காஸ்டிக் சோடா சார்."

"காஸ்டிக் சோடா எப்படிக் குளிரும்?"

"அது தெரியல சார். நீங்க தொட்டுப் பாருங்களேன்."

அவர் தொடவில்லை. "முப்பத்தோரு பேருக்குச் சுடுது. உனக்கு மட்டும் குளிருதா?" என்றார்.

அறையில் ரொம்ப இறுக்கமாக இருந்தது. ஆகவே நான்தான், "காய்ச்சல்காரிக்கு எதத் தொட்டாலும் குளுரத்தான் செய்யும் சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மங்களவதி டீச்சர்கூடச் சிரித்தார். இறுக்கம் தளரட்டும் என்றுதான் சொன்னேன். நான் எப்போதும் பேசுகிற பேச்சுதானே.

துர்கா என்னைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள்.

"மாத்தி எழுதிரு. மார்க் போட்டுடறேன்" என்றார் மங்களவதி டீச்சர்.

"எனக்குச் சுடல மிஸ். சுட்டுச்சுன்னு எப்படி எழுத?"

அவ்வளவுதான். அந்தச் சோதனைக்கு முட்டை. "திமிர்" என்ற வார்த்தை இரண்டு தடவை அந்த அறையில் கேட்டது.

எல்லோரும் போன பிறகு முப்பத்திரண்டு பீக்கரையும் கழுவினேன். மீதிக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றினேன். தொட்டுப் பார்க்கவில்லை. எதற்குத் தொட வேண்டும்.

சிஸ்டர் நோட்டு: செய்முறைத் தேர்வு நல்லபடியாக முடிந்தது.

பிப்ரவரி 27, செவ்வாய்

லிட்மஸ் மேல் எனக்கு வருகிற கோபத்தை எழுத இந்த நோட்டு போதாது. ஒரு விரலை நீட்டித் தொட்டிருந்தால் என்ன தேய்ந்தா போயிருப்பார்? அந்த மங்களவதி டீச்சருக்கு நாற்காலியில் கோந்தா தடவியிருந்தது? முப்பத்தோரு பிள்ளைகளுக்கும் கை இல்லையா? ஒருத்தியாவது "ஆமா மிஸ், எனக்கும் சுடல" என்று சொல்லியிருந்தால் இந்தப் பிள்ளை தனியாக நின்றிருக்குமா?

துர்கா மேலும் கோபம்தான். எழுதிவிட்டுப் போயிருக்கலாம்.

செய்முறையில் இருபத்தைந்துக்குப் பதினைந்து வாங்கினால்தான் பாஸ். அவளுக்கு அந்த முட்டையோடு சேர்த்துப் பன்னிரண்டு. லிட்மஸ் ஆபீஸில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. மார்க் பட்டியல் வெள்ளிக்கிழமை மத்தியானம் சீல் வைத்துப் போகிறது. போய்விட்டால் பிறகு யாராலும் மாற்ற முடியாதாம்.

மத்தியானம் சந்தனமாரி வந்தாள். உப்பளத்திலிருந்து நேராக வந்திருக்கிறாள், தலையில் துண்டுகூட அவிழ்க்கவில்லை. சிஸ்டரைப் பார்த்துவிட்டு லேப் வாசலில் வந்து நின்றாள்.

"எக்கா, நீங்க அங்கனதான இருந்திய. எம்பிள்ள என்ன செஞ்சா?"

"ஒண்ணும் செய்யல."

"பொய் எழுதிட்டான்னு சார் சொல்லுதாவ. அவ பொய் சொல்ல மாட்டாக்கா." வராந்தாவில் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "எக்கா, உப்புல நின்னு நின்னு எங்காலு ரெண்டுலயும் சூடு தெரியாது. தீயில மிதிச்சாலும் தெரியாது. லீவுக்கு அவளும் எங்கூடப் பாத்திக்கு வந்திருக்கா. அவ கைக்கும் அது வந்துட்டோ? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவட்டா?"

நான் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"கை நல்லாத்தான் இருக்கும். நீ போ" என்றேன்.

"பெயிலாயிட்டான்னா படிச்சது போதும்னு எங்கூடவே கூட்டிட்டுப் போயிருவேன்க்கா. வேற என்ன செய்ய. அவதான் பாவம், நர்சுக்குப் படிக்கப் போறேன்னு சொல்லிட்டு இருக்கா."

அவள் போன பிறகு தரையில் பாதத்தின் அச்சு வெள்ளையாகக் கிடந்தது. அதையும் துடைத்தேன்.

சிஸ்டர் நோட்டு: லேப் தரை துடைத்தேன்.

பிப்ரவரி 28, புதன்

இன்று தேசிய அறிவியல் தினமாம். காலையில் கூட்டம் கூட்டி மைக் வைத்தார்கள். லிட்மஸ் பேசினார். "மாணவிகளே, எதையும் அப்படியே நம்பாதீர்கள். உற்றுநோக்குங்கள். தொட்டுப் பாருங்கள். கேள்வி கேளுங்கள்." கைதட்டல். பத்தாம் வகுப்பு வரிசையில் கடைசியில் துர்கா நின்றாள். கையைத் தட்டவில்லை, பாவாடையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் அவரை லேபுக்குள் கூப்பிட்டேன். கதவைச் சாத்தினேன். சார் பயந்துபோய்விட்டார்.

"தொட்டுப் பாருங்கன்னு ஊருக்கே சொன்னியளே சார். அந்தப் பிள்ள சொன்னப்ப ஏன் தொடல?"

"காஸ்டிக் சோடா சுடும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சத எதுக்கு அக்கா தொடணும்?"

"பாட்டில்ல இருந்தது காஸ்டிக் சோடா இல்ல."

எழுதவே மாட்டேன் என்றிருந்தேன். எழுதுகிறேன். மொட்டை மாடியில் மூடியைத் திறந்து வைத்தேன் அல்லவா, இரண்டாம் நாள் போய்ப் பார்த்தால் காஸ்டிக் சோடா வில்லைகள் ஒன்றையும் காணோம். காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்துக் குடித்து, பாட்டிலுக்குள் கஞ்சி மாதிரிக் கொழகொழவென்று நின்றது. மற்றதெல்லாம் காய்ந்திருக்க இது மட்டும் நனைந்திருந்தது. யாரிடம் சொல்ல. நிரந்தரத்துக்கு ஃபைல் போயிருக்கிற நேரம். தோட்டத்தில் குழி வெட்டிக் கொட்டிவிட்டேன். ஸ்டாக் பார்க்க வருகிறார்கள் என்றதும், பஸ் ஸ்டாண்டில் சலவை சோடா வாங்கி, அம்மியில் வைத்துச் சின்னதாகத் தட்டி, அந்தப் பாட்டிலில் போட்டேன். இதுவும் வெள்ளை, அதுவும் வெள்ளை. இதிலும் லிட்மஸ் தாள் நீலமாகும், அதை மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டேன். கரைத்துத் தொட்டுப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை.

இவ்வளவும் அவரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. ஆனால் மூளை உடனே ஓடியது.

"கட்டி கட்டியா இருந்துச்சா? பளபளன்னு?"

"ஆமா."

"படிகம்" என்றார். "அதுக்குள்ள ஏற்கனவே தண்ணி இருக்கும் அக்கா. ஒரு மூலக்கூறு சோடாவுக்குப் பத்து மூலக்கூறு தண்ணி. படிகம் உடைஞ்சு கரையணும்னா அதுக்குச் சூடு வேணும். சுத்தி இருக்கிற தண்ணியிலருந்து இழுத்துக்கும். ஜில்லுன்னுதான் ஆகும்." நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்தப் பிள்ள எழுதுனது சரி."

"தெரியுதுல்லா. போய்ச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்ல? ஒருத்தி எழுதுனது சரின்னா முப்பத்தோரு பேரு எழுதுனது பொய். எல்லாரும் தொடாமலே எழுதிட்டாங்கன்னு ஆகும். அவங்களுக்கு எழுதிப்போட்டது யாருன்னு கேப்பாங்க. உங்க ஃபைல் அன்னைக்கே திரும்பி வந்திரும். ஒரு பிள்ளைக்காக இத்தன பேரக் கவுக்கணுமா? யோசிச்சுப் பாருங்க அக்கா."

"முப்பத்தோரு பேரும் பொய்தான சார் எழுதிருக்காவ."

"மெதுவாப் பேசுங்க."

மெதுவாகப் பேச வேண்டுமாம். அவர் போன பிறகு கதவை ஓங்கிச் சாத்தினேன். தாழ்ப்பாள் கழன்று விழுந்துவிட்டது. அதை நானேதான் மாட்ட வேண்டும்.

யோசித்துப் பார்த்தேன். பதினாறு வருஷம் யோசித்துத்தான் பாட்டில் கழுவியிருக்கிறேன். ஃபைல் திரும்பி வந்தால் வரட்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றுகிறது. அடுத்த நிமிஷம், நான் எதற்கு, அவர் சொல்லட்டும், அவர்தானே படித்தவர் என்று தோன்றுகிறது. எல்லோர் மேலும் கோபம் கோபமாக வருகிறது. இந்தக் கோபத்தில் பாதியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரிந்தும், அங்கே வைக்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 29, வியாழன்

பாட்டிலில் மீதியிருந்ததில் இரண்டு கரண்டி எடுத்துத் தண்ணீரில் கரைத்தேன். உள்ளங்கையை வைத்தேன்.

ஜில்லென்று இருந்தது.

மார்ச் 1, வெள்ளி

காலையில் சிஸ்டர் நோட்டை எடுத்து இரண்டு வரி எழுதினேன். அதே இரண்டு வரியை இங்கேயும் எழுதி வைக்கிறேன், தொலைந்தால் தேட வேண்டாம்.

"காஸ்டிக் சோடா பாட்டிலில் இருந்தது நான் போட்ட சலவை சோடா. இசக்கிதுர்கா எழுதியது சரி."

பதினொரு மணிக்கு ஆபீஸுக்குப் போனேன். சிஸ்டர் இருந்தார். பட்டியலில் கையெழுத்துப் போட மங்களவதி டீச்சர் வந்திருந்தார். லிட்மஸ் மெழுகுவத்தியை ஏற்றி, சீல் வைக்க அரக்கை உருக்கிக்கொண்டிருந்தார். என் ஒரு கையில் நோட்டு. இன்னொரு கையில் தட்டு, அதில் இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீர், ஒரு பொட்டலம்.

"கையெழுத்துக்குத்தானே? அப்புறம் போடறேன் மிக்கேலம்மா."

"இப்பப் பாத்துருங்க சிஸ்டர். ரெண்டே வரிதான்."

சிஸ்டர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது என்ன, எப்ப நடந்தது?"

சொன்னேன். வெள்ளம், மொட்டை மாடி, குழி, பஸ் ஸ்டாண்டு, அம்மி என்று ஒன்று விடாமல் சொன்னேன். அரக்கு சொட்டுச் சொட்டாக மேஜையில் விழுந்துகொண்டிருந்தது, லிட்மஸ் கவனிக்கவில்லை.

மங்களவதி டீச்சர்தான் முதலில் பேசினார். "அது எதுவா வேணா இருக்கட்டும் சிஸ்டர். லிட்மஸ்ல காரம்னு வந்துச்சு. மத்த பிள்ளைங்க எல்லாருக்கும் சூடாத்தான் இருந்திருக்கு. ஒரு அட்டெண்டர் சொல்றத வெச்சு..."

"நான் சொல்லுறத வைக்க வேண்டாம் டீச்சர்" என்றேன். பொட்டலத்தைப் பிரித்து ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினேன். இரண்டு டம்ளரையும் சிஸ்டர் முன்னால் நகர்த்தி வைத்தேன். "ஒண்ணு வெறும் தண்ணி. ஒண்ணு சோடா போட்டது. ரெண்டையும் தொட்டுப் பாருங்க."

சிஸ்டர் இரண்டு கையாலும் இரண்டு டம்ளரையும் பிடித்தார். டம்ளரை அப்படியே மங்களவதி டீச்சர் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கு இன்னொரு ஸ்கூலுக்குப் போகணும் சிஸ்டர்" என்றார் அந்த டீச்சர்.

"தொடுங்க டீச்சர். காய்ச்சல் ஒண்ணும் இல்லல்லா ஒங்களுக்கு" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த டீச்சர் ஒரு விரலை வைத்து, உடனே எடுத்தார்.

அதன் பிறகு என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். அரை மணி நேரம் நின்றேன். உள்ளே மூன்று பேரும் மாறி மாறிப் பேசுவது கேட்டது, என்னவென்று விளங்கவில்லை. கடைசியில் லிட்மஸ்தான் வந்தார்.

"துர்காவுக்கு முழு மார்க் போட்டாச்சு. இருபதாயிருச்சு."

"மத்தவங்களுக்கு?"

"அது அப்படியே இருக்கு."

"எப்படி சார்? சுட்டதும் சரி, குளுந்ததும் சரியா?"

"என்கிட்ட கேக்காதீங்க அக்கா" என்றார். சட்டைக் கையில் அரக்கு ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். "உங்க ஃபைல நிறுத்தி வைக்கச் சொல்லிட்டாங்க. விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். நான் யோசிச்சுப் பாக்கச் சொன்னேன்ல."

"யோசிச்சுத்தான் சார் வந்தேன்."

சிஸ்டர் நோட்டில் இந்த வாரம் கையெழுத்து விழவில்லை.

மார்ச் 2, சனி

சூசையிடம் சொன்னேன். போட்டிருந்த சட்டையின் காலரைப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "சட்டைக்குன்னு சொன்னியே பாவி" என்றார்.

மார்ச் 4, திங்கள்

துர்கா லேபுக்கு வந்தாள். கூப்பிடாமல் தானே வந்தாள். மார்க் மாறியது அவளுக்கு சனிக்கிழமையே தெரிந்திருக்கிறது. ஓடி வந்து கட்டிப்பிடிப்பாள் என்று நான் எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்திருப்பேன் போல. ஒரு கேலிப் பேச்சைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

வாசலிலேயே நின்றாள்.

"அது சலவை சோடான்னு ஒங்களுக்கு அன்னைக்கே தெரியும்லா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் காய்ச்சல்காரின்னு சொன்னியளா?"

"ஏட்டி, அது வந்து..."

"சுடும்னு நினைச்சுத்தான் சொன்னியளா, சுடாதுன்னு தெரிஞ்சு சொன்னியளா?"

"அது சுடுமா குளுருமான்னு சத்தியமா எனக்குத் தெரியாதுட்டி. பாட்டில்ல இருக்கது வேறன்னு மட்டும் தெரியும்."

வலது கையை நீட்டினாள். நடு விரல் நுனியில் கொப்பளம், பாதி உடைந்து தோல் தொங்கியது. ஆள்காட்டி விரலில் இன்னொன்று.

"ஒரு வாரமா எங்கைய நானே நம்பலக்கா. எங்கம்மா காலு மாதிரி ஆயிட்டுன்னு நினைச்சேன். சூடு தெரியுதான்னு பாக்க தினமும் சோத்துப் பானையத் தொட்டுத் தொட்டுப் பாத்தேன். சுடத்தான் செஞ்சுச்சு. அப்பவும் நம்பல."

தயாராக வைத்திருந்த பேச்சு எங்கே போனது என்று தெரியவில்லை. மருந்து இருக்கிறது, போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

"மார்க் போட்டாச்சுல்லா. இன்னும் என்ன செய்யச் சொல்லுத?" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"அந்த சோடா மிச்சம் இருக்கா?"

"இருக்கு."

"எங்க கிளாஸ்ல என்னப் பாத்து இன்னும் காய்ச்சல்காரின்னுதான் கூப்பிடுதாவ. மார்க்க மட்டும் மாத்திட்டிய, அத யாரு மாத்துவா?" திரும்பி நடந்தாள். நாலு அடி போய் நின்றாள். "கூட்டிட்டு வாரேன். கரைச்சு வைங்க."

மதிய இடைவேளையில் முப்பத்தோரு பேரையும் கூட்டி வந்துவிட்டாள். என்ன சொல்லி இழுத்து வந்தாளோ. லிட்மஸ் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்த பார்வையில் பேசாமல் கதவோரமாக நின்றுகொண்டார்.

பெரிய பீக்கரில் கரைத்து மேஜையில் வைத்தேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "ஏட்டி பிள்ளைகளா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அவ எழுதுனதுதான் சரி. ஒரு கை பாக்கி இல்லாம எல்லாரும் தொடுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே சொல்ல நினைத்தேன். அப்படி வரவில்லை.

வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருத்தியும் உள்ளங்கையை வைத்தாள். "ஜில்லுன்னு இருக்கு." அடுத்தவள். "ஆமா, ஜில்லுன்னுதான் இருக்கு." சிலர் துர்காவைப் பார்த்துச் சொன்னார்கள். சிலர் தரையைப் பார்த்துச் சொன்னார்கள். துர்கா பக்கத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தொடவில்லை.

இத்தனை கை பட்டால் தண்ணீர் எத்தனை நேரத்துக்குக் குளிர்ச்சியாக இருக்கும். பதினெட்டாவதோ பத்தொன்பதாவதோ வந்த பிள்ளை, கையை வைத்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலயே. சாதாரணமாத்தான் இருக்கு" என்றது.

பின்னால் நின்றவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். லிட்மஸ் வாயைத் திறந்தார். துர்கா அவர் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தாள்.

"கொட்டிட்டுப் புதுசாக் கரைங்க" என்றாள்.

கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைத்தேன்.